கித்தாருக்குத் தாங்காது

எங்கள் கொயர் ஆண்ட்டிக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. அவரைச் சுற்றியிருந்த சாமான்களுக்குத்தான் ஒவ்வொன்றாக வயசாகிக்கொண்டு வந்தது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார்.

ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சர்ச்சில், தமிழ்ப் பூசைக்குப் பாடும் குழுவை அவர்தான் நடத்தினார். நான் அதில் கித்தார் வாசிப்பவன். தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. எந்த ஷிப்ட் விழுந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முன்னால் ஆஜராகிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு வாசலில் காடியை நிறுத்தி ஹார்ன் அடிப்பார். எங்கள் தெரு நாய்களுக்கெல்லாம் அந்த ஹார்ன் பழக்கம். எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. காதோடு காதாக ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரும்.

முதலில் எழுத்துதான் சின்னதாகப் போனது. பாட்டுப் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் எழுத்தைச் சின்னதா அடிக்கிறானுங்க தம்பி, மை மிச்சம் பண்றானுங்க" என்றார். அது அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய புத்தகம். அடித்த எழுத்து அதற்குப் பிறகு எப்படிச் சுருங்கும் என்று நான் கேட்டேன். "ஈரம் பட்டா சுருங்காதா? ஜொகூர்ல எப்பப் பார்த்தாலும் மழை" என்றார். பிறகு எல்லாப் பாட்டையும் பெரிதாக்கி நகல் எடுத்துவந்தார். நாங்கள் வரிசையாக நின்று பாடும்போது, கோப்பிக் கடையில் ஆளுக்கொரு பேப்பர் விரித்துப் படிப்பதுபோல இருக்கும். ஒருநாள் காணிக்கை நேரத்தில் யாரோ மின்விசிறியைக் கூட்டிவைக்க, அத்தனை தாளும் நாங்கள் நிற்கும் மாடியிலிருந்து பறந்து கீழே பக்தர்கள் தலையில் போய் விழுந்தன. அதற்குப் பிறகுதான் கண்ணாடி போட்டார். "டாக்டர் பையனுக்குத்தான் சந்தேகம். சின்னப் பிள்ள, மனசு நோகக் கூடாதுன்னு போட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

அடுத்தது மாடிப்படி. பாடகர் குழு நிற்கும் இடம் சர்ச்சின் பின்பக்க மாடி. பெயின்ட் அடித்த காண்டிராக்டர் படிகளை உயர்த்திவிட்டான் என்று ஆரம்பித்தார். பெயின்ட் அடிப்பவன் எதற்குப் படியை உயர்த்துகிறான் என்று கேட்டேன். என்னை டேப் எடுத்துவந்து அளக்கச் சொன்னார். அளந்தேன். எல்லாப் படியும் ஒரே உயரம், பழைய உயரம்தான். "உன் டேப்பு பழசு தம்பி, இழுத்து இழுத்து நீண்டுபோச்சு" என்றார். காது விஷயத்தில் மாட்டிக்கொண்டவர் எங்கள் பாதர். இளம் வயசு, மென்மையான குரல். "பாதர் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறார்" என்று இவர் சொல்லிச் சொல்லி, அவர் பிரசங்கத்தை ஏலம் விடுவதுபோலக் கூவிச் சொல்லப் பழகிவிட்டார். சாமியைவிட ஆண்ட்டியிடம்தான் அவருக்குப் பயம்.

இப்படிப்பட்டவரை எப்படிச் சகித்துக்கொண்டீர்கள் என்று கேட்பீர்கள். அதற்கும் காரணம் இருந்தது. தனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று அவரிடம் கிடையாது. யார் தப்புச் செய்தாலும் பழி சாமான் மேல்தான். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். சுருதிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யாராவது திரும்பி முறைத்தால் ஆண்ட்டி உடனே, "அவரு பக்கத்துல தூணு இருக்குல்ல, சத்தம் அதுல பட்டுத் திரும்பி வருது" என்பார். பெரியவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஞாயிறு தவறாமல் அதே தூண் பக்கத்திலேயே நின்று நிம்மதியாகத் தப்பாகப் பாடினார். எனக்குச் சூப்பர்வைசர் பதவி தட்டிப்போனபோது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை அவர். "உங்க பேக்டரி சரியில்ல தம்பி" என்று சொல்லி, ஒரு டப்பா நிறையச் சம்பால் நெத்திலி கொடுத்தார். அந்த நெத்திலியைச் சாப்பிட்டபோது பேக்டரிதான் சரியில்லை என்று எனக்கும் திடமாகத் தோன்றியது.

அந்தக் குரலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. காணிக்கை நேரத்துக்கு ஒரு பாட்டு வைத்திருந்தோம். மூன்றாவது வரியில் எல்லோரும் நிறுத்திக்கொள்வோம், ஆண்ட்டி தனியாக மேலே ஏறுவார். அடேங்கப்பா, அந்த ஏற்றம்! காணிக்கைத் தட்டு பிடித்திருப்பவர் நடப்பதை மறந்து நின்றுவிடுவார். வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடிக்கும் ஆண்கள்கூட அந்த ஒரு வரிக்காகச் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரியில் குரல் உடைந்தது. சாம்பிராணிப் புகை என்றார். அடுத்த வாரமும் உடைந்தது. அன்றைக்கு ஏர்கான். அதற்கடுத்த வாரம் மைக். மைக்கை மாற்றினோம், சாம்பிராணியைக் குறைத்தோம், ஏர்கானை அணைத்துவிட்டுச் சபையே வேர்வையில் குளித்தது. குரல் உடைந்துகொண்டே இருந்தது. இந்தச் சமயம் பார்த்துக் கீபோர்டு வாசித்த பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, ஞாயிறும் வேலை என்று போய்விட்டான். மிஞ்சியது என்னுடைய பழைய ஆறு கம்பிக் கித்தார் மட்டும்.

பங்குத் திருவிழா நெருங்கியது. ஆயர் வருகிறார். பாதர் மெதுவாகப் பேச்செடுத்தார். மெதுவாக என்றால் அவருடைய புதுக் குரலில், கத்தி.

"ஆண்ட்டி, திருவிழாவுக்கு மட்டும் அந்த மூணாவது வரிய நர்ஸ் பொண்ணு பாடட்டுமே?"

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண், சாஆ என்ற ஊரிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். எந்த உயரத்துக்கும் ஏணி இல்லாமல் ஏறும் குரல். கேட்டதும் அவளுக்கே முகம் வெளுத்துவிட்டது.

"பாடட்டும் பாதர், நல்லாப் பாடுவா" என்றார் ஆண்ட்டி. "ஆனா கோளாறு தொண்டையில இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. கீபோர்டு போனதுலேர்ந்து பின்னாடி சத்தம் பத்தல. தாங்கிப் பிடிக்கச் சத்தம் இல்லன்னா எந்தத் தொண்டைதான் மேல நிக்கும்?"

கடைசிப் பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம். அதுவரை பார்க்கலாம், அன்றைக்கும் சரிவராவிட்டால் நர்ஸ் பெண் பாடட்டும் என்று முடிவானது. ஆண்ட்டி படி இறங்கிப் போனபோது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். படியைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரி போனால் அவருக்கு வேறு என்ன இருந்தது என்று எனக்குப் பெரிய வருத்தமாகிவிட்டது.

மறுநாளே அந்த ஹார்ன். ஜொகூர் பாருவில் யாரோ ஒரு சீனப் பெரியவர் பழைய கித்தார் ஒன்றைப் போனில் விளம்பரம் போட்டிருந்தார். பன்னிரண்டு கம்பி, ஸ்பீக்கரில் மாட்டலாம். ஆண்ட்டியின் கணக்கு நேரானது. "ஆறு கம்பிக்கு ஒரு ஆள் சத்தம் வருதுன்னா, பன்னெண்டு கம்பிக்கு ரெண்டு ஆள் சத்தம். கரண்ட்டுல மாட்டினா நாலு ஆள். கீபோர்டு எதுக்கு?" பன்னிரண்டு கம்பிக் கித்தாரை நான் அதற்கு முன் கையால் தொட்டதுகூட இல்லை. சொன்னேன். "நீ பேக்டரியில பைப்பு, மோட்டாரு எல்லாம் ரிப்பேர் பண்றவன்தானே? இது வெறும் மரம்" என்றார்.

அந்தப் பெரியவர் வீட்டில் ஆண்ட்டி கித்தாரை வாங்கி மடியில் வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். பதினொன்றுதான் இருந்தது.

"அங்கிள், பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க?"

"அலமாக் ஆண்ட்டி, சத்து சாஜா பூத்துஸ் லா" என்று சிரித்தார் அவர். ஒன்றே ஒன்றுதான் அறுந்துபோயிருக்கிறதாம்.

"அந்த ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்றார் ஆண்ட்டி. பெரியவர் அலமாரியை எல்லாம் குடைந்து பார்த்துவிட்டு, கிடைக்காத கம்பிக்குப் பதிலாக ஒரு தோள்வாரைக் கொடுத்து அனுப்பினார்.

நேராக என் வீட்டுக்கு வந்திருந்தால் பாதி வேலை மிச்சம். வழியில் சர்ச்சில் நிறுத்தினார். புதுக் காடி வாங்கினால் மந்திரிக்கிறோம், கித்தார் என்ன பாவம் செய்தது? பாதரும் தீர்த்தம் தெளித்தார். "உள்ளயும் கொஞ்சம், பாதர்" என்று கித்தாரின் வட்ட ஓட்டையைக் காட்டினார் ஆண்ட்டி. ஆண்ட்டி சொல்லை மீறுகிற துணிவு பாதருக்கு எங்கே? தாராளமாகவே தெளித்துவிட்டார். உள்ளே போன தீர்த்தம், சத்தத்தைக் கரண்ட்டாக்கி அனுப்பும் சின்னப் பெட்டியில் இறங்கியிருக்கிறது. என் வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரில் மாட்டியதும், கறவை மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. உள்ளே இருந்து என் மனைவி ஓடிவந்தாள்.

"உன் ஸ்பீக்கர் பழசு தம்பி" என்றார் ஆண்ட்டி.

கார் நிறுத்தும் இடத்தில் மேசையைப் போட்டு வேலையை ஆரம்பித்தேன். ஆண்ட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரே உட்கார்ந்துகொண்டார், லைன் லீடராக. அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றி, ஒழுகிப்போயிருந்த பேட்டரியை எறிந்து, துரு சுரண்டி, மனைவியின் ஹேர் டிரையரால் காயவைத்தேன். மாடு அடங்கியது. உண்மையான வியாதி வேறு இடத்தில் இருந்தது. கம்பிகளின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கித்தாரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மரத்துண்டை பிரிட்ஜ் என்பார்கள். பன்னிரண்டு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பில் அது பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆண்ட்டி கைப்பையிலிருந்து சர்ச் அறிவிப்புத் தாளை எடுத்து அதன் ஓரத்தை அந்த இடுக்கில் விட்டுப் பார்த்தார். அஞ்சல் பெட்டியில் கடிதம் போடுவதுபோல உள்ளே போனது.

"பசை விட்டுருச்சு" என்றார். "லைன்ல இப்படித்தான் பார்ப்போம். பேப்பர் போச்சுன்னா ரிஜெக்ட்டு."

சூடுகாட்டிய மெல்லிய தகட்டால் இடுக்கை இன்னும் கொஞ்சம் திறந்து, பழைய பசையை முடிந்தவரை சுரண்டி, புதுப் பசை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அசையாமல் விட வேண்டும் என்றேன். தினமும் வந்து, "ஒட்டிருச்சா?" என்று விரலால் அமுக்கிப் பார்ப்பார். அமுக்காதீங்க என்றால், "நான் எங்க அமுக்கினேன், தொட்டேன்" என்பார். பசையோ பாவம், யார் பேச்சைக் கேட்கும்?

பிறகு கம்பி போடும் வேலை. இந்தக் கித்தாரில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். நாலு ஜோடியில் ஒன்று தடி, பக்கத்தில் ஒன்று மெலிசு. மெலிசானது தடியைவிட ரொம்ப உயரத்தில் பாடும். அதனால்தான் அந்த மினுமினுப்பான சத்தம் வருகிறது. இதை விளக்கிக்கொண்டே அறுந்துபோயிருந்த கம்பியின் இடத்தைக் காட்டினேன்.

"எல்லாத்தையும்விட உச்சத்துல பாடுறது இதுதான், ஆண்ட்டி. எல்லாப் பன்னெண்டு கம்பிக் கித்தார்லயும் மொதல்ல அறுந்துபோறதும் இதுதான்."

ஆண்ட்டி அந்தக் காலி இடத்தையே பார்த்தார்.

"மேல பாடுறதுதான் மொதல்ல போவுமா?"

"ஆமா ஆண்ட்டி. அதுக்குத்தானே இழுப்பு ஜாஸ்தி."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "கம்பி சரியில்ல தம்பி. நல்ல கம்பியாப் பார்த்து வாங்கு" என்றார்.

எனக்கோ அந்த அவசர ஒட்டின் மேல் நம்பிக்கை இல்லை. அத்தனை இழுப்பையும் அது தாங்காது என்று பயம். அதனால் ஒரு யோசனை செய்தேன். எல்லாக் கம்பியையும் ஒரு கட்டை இறக்கிக் கட்டினேன், இழுப்பு குறையும். வாசிக்கும்போது கேப்போ என்று ஒரு கிளிப்பைக் கித்தாரின் கழுத்தில் மாட்டினால், சுருதி பழையபடி மேலே வந்துவிடும். பாட்டு அதே உயரம், பிரிட்ஜுக்கும் சுமை இல்லை. கழுத்துக்குள் போகும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சரிபண்ணி, கம்பிகளின் உயரத்தைக் குறைக்க அடியில் அவற்றைத் தாங்கும் எலும்புத்துண்டைத் தேய்த்து, சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

பன்னிரண்டு கம்பிக்குச் சுருதி சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒன்றைச் சேர்த்து முடிக்கும்போது இன்னொன்று இறங்கியிருக்கும். பக்கத்தில் தூண் பெரியவர் உதவி செய்வதாக நினைத்து ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். பாதர் கீழே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் பெண் ஓரமாக நின்று, அந்த வரி தனக்கு வந்துவிடக் கூடாது என்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் களேபரத்தில் நான் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாவது வரியில்தான் உறைத்தது. கேப்போ என் பேன்ட் பைக்குள் இருக்கிறது. மொத்தக் குழுவும் என் கித்தாரை நம்பி ஒரு கட்டை கீழே பாடிக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்குள் மூன்றாவது வரி வந்துவிட்டது. ஆண்ட்டி கண்ணை மூடினார், ஏறினார்.

உடையவில்லை. சுத்தமாக, பழையபடி, சர்ச் கூரையைத் தொட்டுவிட்டு இறங்கினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியவர் பாடுவதை நிறுத்திவிட்டார், அது தனி உபகாரம். நர்ஸ் பெண் கைதட்டியேவிட்டாள். பாதர் இரண்டு இரண்டு படியாக மாடியேறி வருவது கேட்டது. நான் அசடு வழியப் பையிலிருந்து கேப்போவை எடுத்தேன்.

"என்ன தம்பி அது?" ஆண்ட்டி கேட்டார்.

"இதக் கழுத்துல மாட்ட மறந்துட்டேன், ஆண்ட்டி. கித்தார ஒரு கட்டை எறக்கி வச்சிருந்தேன், பிரிட்ஜுக்குத் தாங்காதுன்னு. அதான் கீழ..."

அவர் முகம் மாறியது. கித்தாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஆண்ட்டி! அருமை! என்ன பண்ணீங்க?"

"நானா? எனக்கு ஒண்ணும் இல்ல, பாதர்." ஆண்ட்டி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "இந்தக் கித்தார் பழசு. மேல கட்டினா அதுக்குத் தாங்காது. தம்பி ஒரு கட்டை எறக்கி வச்சிருக்கான். பாவம், அதுக்காக நான்தான் கொஞ்சம் எறங்கிப் பாடினேன்."

"கேப்போ போட்டா..." என்று இழுத்தேன்.

"போடாத! பாரு, கழுத்தப் புடிச்சு நெரிக்கிற மாதிரி இருக்கு. வயசான சாமானை ஏன் கொடுமப்படுத்துற?"

கேப்போவை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அத்தோடு அது போயே போச்சு.

திருவிழா ஜாம் ஜாமென்று நடந்தது. ஒரு கட்டை இறங்கியதில் இன்னொரு விசேஷம், இதுவரை வாயசைத்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் முதன்முறையாகச் சத்தமாகப் பாடினார்கள். ஆயர் கேட்டாராம், இவ்வளவு பேருக்குப் பாட வருமா என்று. ஆண்ட்டி, "கித்தாருக்குத் தாங்காது ஆயரே, அதான் எல்லாரும் சேர்ந்து தாங்குறோம்" என்றாராம். பாதர் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நோன்புப் பெருநாள் விடுமுறையில் பேக்டரி மூடியிருந்தபோது கித்தாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. இந்த முறை பிரிட்ஜை முழுசாகக் கழற்றி, ஒரு பொட்டுப் பழைய பசை இல்லாமல் சுரண்டி, நிதானமாக ஒட்டி, யாரையும் அமுக்கவிடாமல் கேட்டைப் பூட்டிவைத்தேன். பிறகு பழைய உயரத்துக்கே கம்பிகளை ஏற்றிக் கட்டினேன். பாறைமாதிரி நின்றது. வெற்றி வீரன்போல அதை ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

ஆண்ட்டி தனியாக இருந்தார். "ரிப்பேர் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, ஆண்ட்டி."

"இப்ப... மேல கட்டினா தாங்குதா?"

கையில் அறிவிப்புத் தாளைச் சுருட்டியும் பிரித்தும் வைத்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு சின்னக் குரலில் அவர் கேட்டு நான் கேட்டதில்லை. தாங்கும் என்று சொல்லத்தான் வந்தேன். எத்தனை பாடுபட்டு ஒட்டியது! என் கைவேலையை நானே குறை சொல்வதற்கு எனக்குப் பைத்தியமா?

"இல்ல ஆண்ட்டி" என்றேன். "தாங்காது."

"பார்த்தியா, நான் சொன்னேன்ல." முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து கித்தாரை ஒருமுறை பாசமாகத் தடவிக்கொடுத்தார். நான் உட்கார்ந்து பன்னிரண்டு கம்பியையும் ஒரு கட்டை இறக்கினேன். பூசை தாமதமாக ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அந்தக் கித்தாருக்கு வருஷாவருஷம் உடம்பு சரியில்லாமல் போனது. "தம்பி, போன வருஷத்துக்கு இப்பக் கொஞ்சம் தளர்ந்து தெரியுது. ஒரு அரைக் கட்டை எறக்கிடு" என்பார். இறக்குவேன். கம்பி தொளதொளவென்று அதிர்ந்து கரகரக்கும். தடித்த கம்பியாக வாங்கிப் போட்டு, அதற்குத் தகுந்தபடி தலைப்பக்கத்துப் பள்ளங்களை அகலப்படுத்தி, கழுத்து வளைவைத் திரும்பத் திருகி, மொத்தக் கித்தாரையும் ஒரு தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மற்ற சர்ச்சுகளில் வாசிப்பவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சுருதி இது?" என்று விழிப்பார்கள். வியாதி என்று சொல்வேன்.

கடைசியில் ஆண்ட்டி படுத்துவிட்டார். கட்டில் சரியில்லை, மருந்து சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரை எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. ஒருநாள் மத்தியானம் போனேன். எதையும் குறை சொல்லவில்லை அவர். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இந்த பேன் ரொம்பச் சத்தம் போடுது ஆண்ட்டி, பழசாப்போச்சு" என்றேன்.

"பேன் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "நான் போனப்புறம் மேல ஏத்திடு தம்பி. அது தாங்கும்."

"எது ஆண்ட்டி?"

"கித்தாருதான். நீ முழுசா ஒட்டிக் கொண்டாந்த அன்னைக்கே அறிவிப்புத் தாள விட்டுப் பார்த்தேன். போகல." கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா ஒட்டியிருக்கே. லைன்ல இருந்திருந்தா உனக்குப் பாஸ் போட்டிருப்பேன்."

தடவிக்கொடுத்தார் என்று நினைத்தேனே, அன்று அவர் செய்தது பரிசோதனை. இத்தனை வருஷமும் என் பொய்யை அவர் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அடக்கப் பூசைக்கு முன்னால் தடித்த கம்பியை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய அளவில் புதுக் கம்பி போட்டேன். மூத்த மகள் கல்யாணத்துக்குச் செய்வதுபோலப் பார்த்துப் பார்த்து ஏற்றிக் கட்டினேன். சொன்னபடி தாங்கியது. காணிக்கை நேரத்தில் அந்தப் பாட்டு. முதல் வரி, இரண்டாவது வரி, எல்லோரும் எட்டி எட்டிப் பாடினார்கள். தூண் பக்கத்துப் பெரியவர் முதல் வரியிலேயே கைவிட்டுவிட்டார். மூன்றாவது வரியை நர்ஸ் பெண் பாட வேண்டும். இப்போது கொயரை நடத்துவது அவள்தான், அந்த உயரமெல்லாம் அவளுக்குத் தூசி. வாயைத் திறந்தாள், பாதியில் உடைந்தது. மறுபடி முயன்றாள், அதுவும் உடைந்தது. கீழே பெட்டிக்குள் ஆண்ட்டி. அந்த வரி முழுக்கப் பன்னிரண்டு கம்பிகள் மட்டும்தான் கேட்டன, பளிச்சென்று, ஒரு பிசிறு இல்லாமல்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே" என்றாள், வேனைப் பார்த்தபடியே. "எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கித்தார்லதான் ஏதோ கோளாறு."

"ஆமாம்மா" என்றேன். "அதுக்குத் தாங்கல."